சூழல் மீட்புக் கருவிகளின் ஆவணம்

செயற்கை நுண்ணறிவு முகவருக்கு வேண்டிய தகவலைக் கோப்பு, தரவுத்தளம், தேடுபொறி முதலியவற்றிலிருந்து எடுத்துத் தரும் நிரல்கள் சூழல் மீட்புக் கருவிகள் எனப்படும். ஒரு கருவி என்ன செய்யும், எதைக் கேட்கும், எதைத் திருப்பித் தரும் என்று விளக்கும் குறிப்பே அதன் ஆவணம்.

தேடி எடுத்த பகுதிகளை மொழி மாதிரியிடம் கொடுத்து விடை எழுதவைக்கும் முறை, பேட்ரிக் லூயிஸும் உடன் ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் பரவியது. அங்கே ஒவ்வொரு கேள்விக்கும் தேடல் நடந்தது. முகவரோ எப்போது, எந்தக் கருவியால் தேடுவது என்பதைத் தானே முடிவுசெய்கிறது. அதற்கு அது பெரிதும் நம்பியிருப்பது ஆவணத்தைத்தான்.

ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட, முகவர்களைக் கருவிகளோடு இணைக்கும் எம்.சி.பி. நெறிமுறையில் கருவியின் பெயரும், ஜேசான் வடிவிலான உள்ளீட்டு அமைப்பும் கட்டாயம், விளக்கம் விருப்பத்துக்குரியது. ஆனாலும் அதை விட்டுவிடுவது பெருந்தவறு. ‘ஆவணங்களைத் தேடும்’ என்று மட்டும் எழுதினால், கருவி சொல்லுக்குச் சொல் பொருத்துமா, பொருள் ஒப்புமையைப் பார்க்குமா என்பது முகவருக்குத் தெரியாது. ஒரு பிழை எண்ணைத் தேட முந்தையதே ஏற்றது. மங்கலாகக் கேட்கப்பட்ட கேள்விக்குப் பிந்தையது. ஒருமுறைக்கு எத்தனை முடிவுகள் வரும், தரவு எப்போதெல்லாம் புதுப்பிக்கப்படும், ஒன்றும் கிடைக்காதபோது என்ன பதில் வரும் என்பவையும் எழுதப்பட வேண்டும்.

மாதிரி ஒரே நேரத்தில் கவனிக்கக்கூடிய உரைப்பரப்பான சூழல் சாளரத்தில் விளக்கமும் இடம் பிடிப்பதால் சுருக்கம் தேவை. முகவர் விளக்கத்தை நம்புவதால் ஓர் ஆபத்தும் உண்டு: தீய நோக்கமுள்ளோர் அதற்குள்ளேயே கட்டளைகளை ஒளித்துவைப்பது ‘கருவி நஞ்சூட்டல்’ எனப்படுகிறது.