தோலை உரிக்க ஓர் இசைவு

“கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்!” - பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது சங்கரன்கோவில் வட்டாரத்துத் தறித் தொழிலாளியும் இதைச் சொல்லுகிறார், கடைக்காரரும் சொல்லுகிறார். ஆசிரியரான நாமும் புன்னகையோடு கேட்டுக்கொள்கிறோம். தோழர்களே, இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. அதிலே குருதிக் கறையும் உண்டு.

1860. விக்டோரியா அரசியின் இங்கிலாந்து. ஈஸ்ட்போர்ன் நகரிலே தாமஸ் ஹாப்லி என்ற ஆசிரியர் தம் இல்லத்தில் மாணவரை வைத்துக் கற்பித்து வந்தார். அவர்களுள் ஒருவன் ரெஜினால்ட் கான்செலர், வயது 15. பாடம் ஏறவில்லை. பிடிவாதம் என்று முடிவு கட்டினார் ஆசிரியர். கடுமையாகத் தண்டிக்கலாமா என்று தந்தைக்கு மடல் எழுதினார். தந்தை இசைந்தார்! ஓரிரவு, கயிற்றாலும் தடியாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடி. விடிந்தபோது சிறுவன் பிணமாகக் கிடந்தான். காயங்கள் தெரியாதபடி கைகளுக்கு உறை, கால்களுக்கு உறை. உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர்கள் மூளையிலே நீர் கோத்திருந்ததைக் கண்டனர். படிக்க மறுத்தவன் அல்லன் அவன், படிக்க இயலாதவன்.

ஹாப்லிக்கு நான்காண்டுக் கடுஞ்சிறை கிடைத்தது. ஆனால் தலைமை நீதிபதி காக்பர்ன் வகுத்த நெறி என்ன? பெற்றோரும், அவர்தம் உரிமையைப் பெற்ற ஆசிரியரும், அளவோடு அடிக்கலாம் என்பதே! அளவு மீறியது குற்றம், அடித்தது குற்றமன்று. அந்த அளவை அறுதியிடுபவர் யார்? பிரம்பைப் பிடித்தவர்தாமே!

அதே 1860இல்தான் இந்தியத் தண்டனைச் சட்டமும் இயற்றப்பட்டது. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்கெனக் காப்பாளர் இசைவோடு நல்லெண்ணத்தில் செய்த செயல் குற்றமாகாது என்றது அதன் 89ஆம் பிரிவு. அடித்த ஆசிரியர்க்கு அது கேடயமாயிற்று. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது.

“பார்த்தீர்களா, எல்லாம் வெள்ளையன் கொண்டுவந்த வினை! நம் குருகுலத்தில் உண்டா இது?” என்று பழம்பெருமை பேசுவோர் கிளம்புவர். மனு நூலின் எட்டாம் அத்தியாயத்தைப் புரட்டட்டும். மனைவி, மகன், அடிமை, மாணவன், தம்பி - இவர்கள் தவறினால் கயிற்றாலோ மூங்கிற் பிளாச்சாலோ அடிக்கலாம். முதுகில் மட்டும், தலையில் கூடாது. காக்பர்னுக்கு முன்னரே அளவு சொன்ன பெருந்தகை!

ஏட்டை விடுவோம், நாட்டைப் பார்ப்போம். 1823இல், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த பெல்லாரியின் கலெக்டர் காம்பெல் உள்ளூர்ப் பள்ளிகளைப் பற்றி அறிக்கை எழுதினார். காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர், இரண்டாமவனுக்கு ஒரு சுழி, மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அப்புறம் வருவோருக்கு ஒவ்வொன்று கூடிக்கொண்டே போகும். கணக்குப் போடுங்கள்: முப்பதாவதாக வரும் பிள்ளைக்கு 28 அடி! சோம்பேறி எனப்பட்டவனை இரு கைகளையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிட்டனர். நம் திண்ணைப் பள்ளிகளில் அதற்குக் கோதண்டம் என்று பெயர். இராமன் வில்லின் பெயரைத் தண்டனைக்குச் சூட்டிய பக்தியை என்னென்பது!

அத்தனை அடியும் எதற்கு? பொருள் புரியாத செய்யுளைக் கிளிபோல ஒப்பிக்க வைப்பதற்கு. காம்பெலே அதையும் எழுதியிருக்கிறார். புரியாததை ஏற்றவேண்டுமென்றால் அச்சம் தேவைப்படத்தானே செய்யும்? இங்கிலாந்தும் அதே வழியில்தான் சென்றது. 1862 முதல், பள்ளிக்குக் கிடைக்கும் அரசு உதவித் தொகை பெரும்பாலும் ஆய்வாளர் முன் பிள்ளைகள் ஒப்பிப்பதைப் பொறுத்தது என்றாக்கினர். ஒரு பிள்ளை தடுமாறினால் ஆசிரியர் வயிற்றில் அடி. அவர் கைப் பிரம்பு பிள்ளை முதுகில்.

வேறு வழியே இல்லையா? இருந்தது, அதுவும் சென்னையிலேயே. 1789 முதல் எழும்பூர் ஆண் அனாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அம்முறையை மேற்கொண்டார், ஒரு மாணவனை மற்றவனுக்குக் கற்பிக்க வைத்தார், பிரம்பை வெறுத்தார். 1797இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். செலவு குறைவு என்பதால் மணலையும் மாணவ ஆசிரியனையும் எடுத்துக்கொண்டது இங்கிலாந்து. பிரம்பையோ விடவில்லை, அரசுப் பள்ளிகளில் அது ஒழிய 1987 ஆயிற்று.

தமிழ்நாடு 2003இல் கல்வி விதியைத் திருத்தி அடியை விலக்கியது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. தந்தை இசைந்தாலும் தடைதான். பிரம்பைக் கீழே வைத்த நம்மில் பலர் அந்த இரண்டாம் பாதியைப் படிப்பதில்லை. மதிப்பெண் குறைந்தவனை வகுப்பில் எழுப்பி நிறுத்தி, அவன் அப்பன் தொழிலைச் சொல்லிக் கேலி பேசுகிறோம்.