டார்வின் தெரிந்த சொற்களும் தவிர்த்த சொல்லும்

1859ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் இலண்டனில் வெளிவந்த 'இனங்களின் தோற்றம்' என்னும் நூல் உயிரியலின் போக்கையே திருப்பியது என்பதை அறியாதார் இலர். ஆயின் அதன் முதற்பதிப்பில், இன்று அக்கொள்கைக்குப் பெயராய் வழங்கும் 'எவொலூஷன்' என்ற ஆங்கிலச் சொல் ஓரிடத்திலேனும் இடம்பெறவில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அச்சொல்லின் வினைவடிவம் மட்டும், நூலின் கடைசிச் சொல்லாக, ஒரேயொருமுறை வருகின்றது. ஐந்து பதிப்புகள் இந்நிலையிலேயே கழிந்தன. 1872இல் வெளிவந்த ஆறாம் பதிப்பிலேயே அப்பெயர்ச்சொல் நூலினுட் புகுந்தது. இதனைத் தற்செயல் என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. சொற்களை எடைபோட்டுக் கையாண்டவர் சாள்ஸ் டார்வின்.

ஒன்று வேறாதலைக் குறிக்க ஆங்கிலத்திற் சொற்கள் பல உள. பொது அகராதியொன்று அவற்றை ஒரே தலைப்பின்கீழ் அடுக்கிவைத்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இயற்கையறிவியலாருக்கோ அவை ஒருபொருட் கிளவிகள் அல்ல. ஒவ்வொரு சொல்லும் தனக்கெனப் பழைய வரலாறொன்றைச் சுமந்து வந்தது. 'மெற்றமோர்பசிஸ்' என்பது புழு வண்ணத்துப்பூச்சியாதல் போன்ற உருமாற்றத்துக்கு உரியதாயிற்று. 'ட்ரான்ஸ்மியூட்டேஷன்' இரசவாதிகளின் உலைக்களத்திலிருந்து வந்த சொல். ஈயம் பொன்னாதலைக் குறித்த அச்சொல்லையே ஓரினம் பிறிதோரினமாதலுக்கும் வழங்கினர். அதனைக் கேட்ட அளவிலே பிரான்சின் லாமார்க்கும், அவரோடு இணைத்துப் பேசப்பட்ட புரட்சிச் சிந்தனையும் ஆங்கிலக் கனவான்களுக்கு நினைவில் எழுந்தன. 1837ஆம் ஆண்டு யூலையில் டார்வின் இது குறித்துத் தமது முதற் குறிப்பேட்டைத் தொடங்கியபோது இச்சொல்லையே பயன்படுத்தினார். குறிப்பேடு தனிமைக்குரியது, அங்கே தீச்சொல்லும் தங்கலாம். அச்சேறும் நூலுக்கு அது ஆகாது.

'டெவலப்மென்ற்' என்பது மற்றொன்று. 1844இல் ஆசிரியர் பெயரின்றி வெளியாகிப் பரபரப்பை உண்டாக்கிய 'படைப்பின் இயற்கை வரலாற்றின் சுவடுகள்' என்னும் நூல் அதனைத் தன் கொள்கைக்கு அடையாளமாக்கியது. நூலை யாத்தவர் எடின்பரோவின் பதிப்பாளர் றொபேட் சேம்பர்ஸ் என்பது அவர் மறைந்த பின்னர், 1884இலேயே வெளிப்படையாயிற்று. அறிவியலாளர் பலர் அந்நூலை எள்ளி நகையாடினர். அது வழங்கிய சொல்லை ஏற்பது அதன் இழிபெயரையும் ஏற்பதாகிவிடும்.

'எவொலூஷன்' என்னும் சொல்லின் கதை இவையனைத்தினும் விந்தையானது. சுருட்டிய ஏட்டினை விரித்தல் என்பது அதன் இலத்தீன் மூலப்பொருள். பதினெட்டாம் நூற்றாண்டிற் கருவியலார் அதனைக் கைக்கொண்டனர். முட்டையினுள்ளோ விந்தினுள்ளோ முழுவுயிரும் நுண்ணுருவாய் முன்னரே அமைந்துள்ளது, வளர்ச்சியென்பது அதன் விரிவு மட்டுமே என்பது அவருட் பலர் கொண்ட கொள்கை. ஜெனீவாவைச் சேர்ந்த சாள்ஸ் பொனே 1740இற் செடிப்பேன் ஒன்றைப் பிறந்தது முதல் தனியே அடைத்துவைத்து நோக்கினார். ஆணின் சேர்க்கையின்றியே அது குட்டிகளை ஈன்றது. பெண்ணுயிருக்குள் அடுத்த தலைமுறையும், அதனுள் அதற்கடுத்ததும், பெட்டிக்குட் பெட்டியாய் அடங்கியிருக்கின்றன என்ற கருத்துக்கு இது அரணாயிற்று. ஆகவே, பின்னாளிற் புதுமை தோன்றுதலைக் குறிக்க வந்த இச்சொல், தொடக்கத்திற் புதிதாய் எதுவும் தோன்றாமையையே குறித்தது. சொல்வரலாற்றில் இத்தகைய தலைகீழ் மாற்றங்கள் அரியனவல்ல எனினும் இதனளவு முழுமையானவை சிலவே.

டார்வின் இச்சொல்லைத் தவிர்த்தமைக்கு இப்பழம்பொருளே காரணமென ஸ்டீவன் ஜே கூல்ட் 1970களில் எழுதினார். முன்னேற்றம் என்ற சாயல் அதிற் படிந்திருந்தமையையும் அவர் சேர்த்துரைத்தார். 1992இல் றொபேட் ரிச்சட்ஸ் இதனை மறுத்தார். கருவளர்ச்சியைக் குறித்த அச்சொல் டார்வினின் இளமைக்காலத்திலேயே இனமாற்றத்துக்கும் பெயர்ந்துவிட்டது என்றும், முன்னேற்றக் கருத்து டார்வினிடமும் இருந்தது என்றும் அவர் காட்டினார். லாமார்க்கை மறுத்தெழுதிய புவியியலாளர் சாள்ஸ் லயல் 1832இலேயே அச்சொல்லை இனமாற்றப் பொருளில் ஆண்டுள்ளார். லயலின் நூலை டார்வின் கப்பற் பயணத்தின்போதே கற்றவராதலின், அவ்வழக்கை அவர் அறிந்திலர் எனல் இயலாது. எனவே கூல்டின் முதற் காரணம் வலிவிழக்கின்றது. இரண்டாவது காரணமோ அவ்வளவு எளிதில் வீழ்வதன்று. உயர்ந்தது, தாழ்ந்தது என ஒருபோதும் கூறலாகாது எனத் தமக்குத் தாமே எச்சரிக்கையாக, சேம்பர்சின் நூற்படியிலே டார்வின் குறித்துவைத்தார். அவர் அவ்விதியை எப்போதும் காத்தார் என்பதற்கில்லை. 'இனங்களின் தோற்றம்' நூலின் இறுதிப் பக்கங்களிலேயே நிறைவை நோக்கிய முன்னேற்றம் பேசப்படுகின்றது. ஆயினும் ஒருவர் தமக்கு விதியொன்றை வகுத்துக்கொள்வது அவ்வழியே வழுக்கும் இடம் உண்டென்று உணர்ந்தமையாலன்றோ?

அவர் தெரிந்துகொண்ட சொற்களை நோக்குவோம். ஒரே பெற்றோரின் மக்கள் தம்முள் வேறுபடுதற்கு 'வேரியேஷன்' என்றார். அவ்வேறுபாடுகள் இயற்கைத் தேர்வினாற் பல தலைமுறைகளூடு திரண்டு நிற்பதை 'மொடிபிகேஷன்' என்றார். முழுக்கொள்கைக்கும் மாற்றத்தோடு கூடிய வழிவருகை எனப் பொருள்படும் தொடரை வழங்கினார். முதற் சொல் தனியுயிருக்கும் இரண்டாவது வழித்தோன்றற் கோவைக்கும் உரியன. மாற்றம் உண்டு என்பதற்கு மேல், அது எத்திசைக்குச் செல்கின்றது என்பதை இவ்விரண்டும் கூறா. கொள்கையின் உயிர்நிலை இதுவே.

1846 முதல் 1854 வரை எட்டாண்டுகள் அவர் கொட்டலசுகளை அறுத்தாராய்ந்தமை இத்தெரிவைத் தெளிவிக்கும். இளமையில் நீந்தித் திரியும் இவ்வுயிர் முதிர்ந்தபின் பாறையிலோ கப்பலடியிலோ ஒட்டி நிலைத்துவிடுகின்றது. அவற்றுட் சிலவற்றில், பெண்ணுயிரின் உடலிலேயே ஒட்டிவாழும் மிகச்சிறிய ஆணுயிர்களை டார்வின் கண்டார். சிலவற்றுக்கு வாயுமில்லை, இரைப்பையுமில்லை. இனப்பெருக்கத்துக்கான பை என்னும் அளவுக்கு அவை குன்றியிருந்தன. இதனை வளர்ச்சி என்பதா, விரிவு என்பதா? மாற்றம் என்பதொன்றே பொருந்தும்.

இவ்வாறு காத்துவந்த சொல்லாட்சி ஹேபேட் ஸ்பென்சரால் அடிபட்டுப்போயிற்று. லயலின் நூலில் லாமார்க்குக்கு எதிரான மறுப்பைப் படித்தே ஸ்பென்சர் லாமார்க்கின் பக்கம் சாய்ந்தார் என்பது சுவையான செய்தி. 1862இல் வெளியான தமது 'முதற்கோட்பாடுகள்' நூலில், ஒருதன்மைத்தாய் இருப்பது பல்தன்மைத்தாதல் என்ற ஒரே விதியின்கீழ் விண்மீன் முதல் அரசுவரை அனைத்தையும் அடக்கி, அதற்கு 'எவொலூஷன்' எனப் பெயரிட்டார். சஞ்சிகைகளும் மேடைகளும் அதனைப் பற்றிக்கொண்டன. 'இயற்கைத் தேர்வு' என்ற தொடர், தேர்பவர் ஒருவர் இருப்பதாக எண்ணவைக்கின்றதெனக் கருதிய வலஸ், ஸ்பென்சரின் 'தக்கன பிழைத்தல்' என்பதை ஏற்குமாறு 1866இல் டார்வினுக்கு எழுதினார். 1869இன் ஐந்தாம் பதிப்பில் அத்தொடர் இடம்பெற்றது. 1871இல் 'மனிதனின் வழிவருகை' நூலில் 'எவொலூஷன்' என்பதையும் டார்வின் ஆண்டார். வாசகர் உலகம் ஏற்கனவே வழங்கிய பெயரை அவர் இறுதியில் ஏற்றுக்கொண்டார் என்பதே பொருத்தமாகும்.

விளைவு உயிரியலோடு நிற்கவில்லை. 1877இல் லூயிஸ் ஹென்றி மோர்கன் மனித சமுதாயங்களைக் காட்டுநிலை, அநாகரிகநிலை, நாகரிகநிலை எனப் படிகளாய் அடுக்கினார். ஏட்டை விரித்தல் என்றால், சிலர் இன்னும் முதற் பக்கத்திலேயே நிற்கின்றனர் என்று கூறுவது எளிதாயிற்று. பாசல் நகரத்து சராசின் ஆய்வாளர் இருவர் 1880களில் இலங்கைக்கு வந்து வேடரை அளந்து, அவரை மனிதகுலத்தின் தொல்படிக்கு அண்மையராய்ச் சித்திரித்தமை இதற்கு நம் நாட்டுச் சான்று. கிளைகள் பிரிந்து செல்லும் மரமாகவே டார்வின் வழிவருகையை வரைந்தார். 'இனங்களின் தோற்றம்' நூலிற் காணப்படும் ஒரேயொரு வரைபடமும் அதுவே. அம்மரத்தில் இன்று வாழும் எவ்வுயிரும் நுனியிலேயே நிற்கும். மற்றொன்றின் கடந்தகாலமாய் எதுவும் நில்லாது. மரத்தை ஏணியாக்கியதிற் சொல்லுக்கும் பங்குண்டு.

தமிழில் இக்கொள்கை வந்தபோதும் இதே சிக்கல் உடன்வந்தது. தமிழகத்திற் பெரிதும் வழங்கும் 'பரிணாமம்' சாங்கியரின் சொல். காரியம் காரணத்தினுள் முன்னரே உள்ளது, அதுவே வெளிப்படுகின்றது என்னும் சற்காரியவாதம் அதன் பின்னணியாகும். சைவசித்தாந்தம் கற்றார்க்கும் அவ்வாதம் புதிதன்று. பொனேயின் பெட்டிக்குட் பெட்டியோடு இதற்குள்ள ஒற்றுமை வெளிப்படை. ஈழத்துக் கலைச்சொல்லாக்கத்தார் வடசொல்லை விடுத்துக் 'கூர்ப்பு' என்றனர். தொல்காப்பிய உரியியலில் வரும் அச்சொல் முன்பே உள்ளதொன்று மிகுதலைக் குறிப்பது. மிகுதலைச் சொல்லும் சொல், கொட்டலசின் குன்றிய ஆணுயிரை எங்ஙனம் தழுவும்? ஒரு திசை இங்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பிறப்புரிமையியலாரின் 'மியூட்டேஷன்' என்பதற்கு நம்மவர் தெரிந்த 'விகாரம்' இவ்வகையில் மேலானது. பேச்சுவழக்கில் அருவருப்பான தோற்றத்தை அது குறிப்பினும், இலக்கண மாணவருக்கு அதன் பொருள் வேறு. நன்னூலார் புணர்ச்சி விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக்கினார். பரம்பரையலகின் எழுத்துத்தொடரிலும் ஓரெழுத்துப் புதிதாய்ப் புகலாம், ஒன்று மற்றொன்றாகலாம், ஒன்று மறையலாம்.