நாணயத்தின் நாணயம்



ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பு முடிந்தபின் ஒருநாள் என்னிடம் வந்தான். அவன் கையில் தடித்த நெகிழி உறை ஒன்று. அதனுள்ளே அமெரிக்காவின் பழைய ஒரு டாலர் வெள்ளி நாணயம். அவனுடைய மாமாவின் சேமிப்பில் உள்ளதாம். உறைக்குள் இருந்த சீட்டில் 64 என்ற எண் அச்சிடப்பட்டிருந்தது.

“ஐயா, நூற்றுக்கு 64 என்றால் ‘ஏ’ கிடைக்காதே! பிறகு ஏன் மாமா இதைப் பூட்டி வைக்கிறார்?” என்று கேட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த எண்ணின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, அக்கேள்வி நம் எல்லாருக்கும் உரியது என்று உணர்ந்தேன். அதனையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

அந்த எண் நூற்றுக்கு அன்று, எழுபதுக்கு. ஏன் எழுபது? 1949-ஆம் ஆண்டு வில்லியம் ஷெல்டன் என்னும் அமெரிக்க உளவியலாளர், தம் நாட்டின் தொடக்ககாலச் செப்புக் காசுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1794-ஆம் ஆண்டின் ஒரு சென்ட் காசுகளை அவர் ஆராய்ந்தார். அடையாளம் மட்டுமே தெரியுமளவு தேய்ந்துபோன காசின் விலை ஒரு டாலர் என்றால், ஏறக்குறைய குறையே இல்லாத அதே காசின் விலை எழுபது டாலர் என்று கணக்கிட்டார். ஆகவே முன்னதற்கு 1, பின்னதற்கு 70 எனத் தரம் வகுத்தார். அதாவது, அந்த எண் பிறக்கும்போதே விலையாகத்தான் பிறந்தது. சில ஆண்டுகளில் சந்தை விலைகள் அந்தக் கணக்கைக் கடந்து போய்விட்டன. எண் மட்டும் நிலைத்துவிட்டது. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்க நாணயவியல் கழகம் அவ்வளவையை எல்லா அமெரிக்க நாணயங்களுக்கும் விரிவாக்கியது. புழக்கத்திற்கே போகாத நாணயங்கள் 60 முதல் 70 வரையிலான படிகளில் அடங்கின.

எண் வந்துவிட்டது, அதை இடுபவர் யார் என்பதே அடுத்த சிக்கல். அக்காலத்தில் நாணயத்தை விற்கும் வணிகரே தரத்தையும் கூறினார். வாங்கும்போது “சுமாரான காசு” என்பார். அதையே விற்கும்போது “மிகச் சிறந்தது” என்பார். 1980-இல் தங்கமும் வெள்ளியும் உச்ச விலையைத் தொட்டபோது, நாணயம் பற்றி ஏதும் அறியாதவர்களும் முதலீடாக வாங்கினர். பின்னர் விற்கப் போனபோது, 65 என்று சொல்லி வாங்கியது 63-ஆகக் கூடத் தேறவில்லை எனக் கேட்டு மனமுடைந்தோர் பலர்.

பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்நிலையைத்தான் விளக்குகிறது. பழைய மகிழுந்துச் சந்தையை அவர் எடுத்துக்காட்டினார். விற்பவருக்குக் குறை தெரியும்; வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாவற்றுக்கும் குறைத்தே விலை கேட்பார். நல்ல பொருள் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றி ஒதுங்குவார். முடிவில் சந்தையில் மட்டமானவையே மிஞ்சும். இத்தகைய ஆய்வுக்காகவே 2001-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த நோய்க்கு மருந்தாக வந்தவையே தரமதிப்பீட்டு நிறுவனங்கள். 1986-இல் டேவிட் ஹால் உள்ளிட்ட வணிகர்கள் சிலர் பிசிஜிஎஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். அடுத்த ஆண்டே என்ஜிசி தோன்றியது. உரிமையாளர் யார் என்று அறியாமலே வல்லுநர் பலர் ஒரு நாணயத்தைத் தனித்தனியே பார்ப்பர். போலியா, மெருகேற்றப்பட்டதா, கீறல் உண்டா, மூல ஒளி மங்காமல் உள்ளதா என்றெல்லாம் ஆராய்ந்து தரம் இடுவர். பின்னர், உடைத்தாலன்றித் திறக்கவியலாத உறையில் வைத்து முத்திரையிடுவர். தரம் தவறாயின் இழப்பை ஈடுசெய்வோம் என்ற உறுதிமொழியும் அதனுடன் உண்டு. விலையை உயர்த்தியது நெகிழி உறையன்று, இந்த உறுதிமொழிதான். நியூயார்க்கில் இருப்பவர் கலிபோர்னியாவில் உள்ள நாணயத்தைக் கண்ணால் பாராமலே வாங்க முடிந்தது.

ஒரு புள்ளி என்ன செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1884-இல் சான் பிரான்சிஸ்கோ நாணயச் சாலையில் 32 இலட்சம் மோர்கன் டாலர்கள் அச்சிடப்பட்டன. பெரும்பாலானவை புழக்கத்திற்குச் சென்று தேய்ந்தன. தேய்ந்த ஒன்றை எளிய சேமிப்பாளரும் வாங்கலாம். புழங்காதது ஆயிரக்கணக்கான டாலர்; 65-ஐ எட்டியதோ இலட்சங்களைத் தாண்டும். வெள்ளியின் அளவு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே.

இவ்வளவு பணம் ஓர் எண்ணில் தொங்கும்போது, மனிதர் எண்ணைத் துரத்துவது இயல்பன்றோ? உறையை உடைத்து நாணயத்தை மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்ப்போர் தோன்றினர். 64 ஒருநாள் 65-ஆகிவிடாதா என்ற ஆசை! தரமிடுவது மனிதக் கண் என்பதால், சில வேளை ஆகவும் செய்தது. 1990-இல் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம், தரமதிப்பீடு எப்போதும் மாறாதது, நடுநிலையானது என்பதுபோன்ற விளம்பரங்களுக்காக பிசிஜிஎஸ் மீது நடவடிக்கை எடுத்தது. அது உடன்பாட்டில் முடிந்தது. பின்னர் போலி உறைகளே சந்தைக்கு வந்தன. என்ஜிசியைத் தோற்றுவித்த ஜான் அல்பனீஸ் 2007-இல் சிஏசி என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். பிறர் இட்ட தரம் சரிதான் என்று ஒப்புக்கொண்டால், அந்த உறையின்மேல் ஒரு பச்சை ஒட்டி ஒட்டப்படும். அந்தச் சிறு ஒட்டிக்கும் தனி விலை ஏற்பட்டது. தேர்வைத் திருத்தியவரைத் திருத்த இன்னொருவர்!

எல்லாவற்றையும் விட என்னை உறுத்திய செய்தி ஒன்றுண்டு. அளவையை வகுத்த அதே ஷெல்டன், அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் தொகுப்பிலிருந்த சிறந்த செப்புக் காசுகளை எடுத்துக்கொண்டு, அவ்விடத்தில் தரம் குறைந்தவற்றை வைத்துவிட்டார் என்பது, 1977-இல் அவர் மறைந்தபின் வெளிப்பட்டது. அவ்வாறு மாற்றப்பட்டவை நூற்றுக்கும் மேல். சங்கம் நீதிமன்றம் சென்றே பலவற்றை மீட்டது. தரத்தைத் துல்லியமாக அறிந்தவருக்கு எதைத் திருடவேண்டும் என்பதும் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

நம் தமிழில் ‘நாணயம்’ என்ற சொல்லுக்குக் காசு என்றும் பொருள். நேர்மை என்றும் பொருள். தரமதிப்பீட்டு நிறுவனங்கள் விற்பது முதலாவதை அன்று, இரண்டாவதை. முன்பின் அறியாத இருவர் ஒருவரையொருவர் நம்புவதற்கு அளிக்கும் கூலியே அந்தக் கூடுதல் விலை. அந்நம்பிக்கை பயனுள்ளது, மறுப்பதற்கில்லை. எனினும் பழுத்த சேமிப்பாளர்கள் புதியவர்களுக்குக் கூறும் அறிவுரை, நாணயத்தைப் பார்த்து வாங்கு, உறையைப் பார்த்து வாங்காதே என்பதுதான்.

நம் நாட்டில் 2021-இல் யுபிஎஸ்ஆர் தேர்வு அகற்றப்பட்டது. ஆனால் “எத்தனை ஏ?” என்ற கேள்வி நம் வீடுகளிலிருந்து அகன்றுவிட்டதா? பிள்ளையை அறியாதவருக்குப் பிள்ளையைப் பற்றிச் சொல்லவே மதிப்பெண் தேவைப்படுகிறது. நாமோ நாள்தோறும் பிள்ளையைக் கண்ணெதிரே காண்பவர்கள். நாமும் உறையின் சீட்டை மட்டும் படிக்கலாமா?

அந்த மாணவனிடம், “தம்பி, அது நூற்றுக்கு 64 இல்லை, எழுபதுக்கு 64. நல்ல நாணயம்தான்” என்றேன். அவன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எண் இல்லாவிட்டாலும் அழகாகத்தானே இருக்கிறது, ஐயா?” என்றான்.

அதற்கு மேல் நான் என்ன சொல்ல!