கமரனின் மனைவியும் களுத்துறைக் கிழவரும்

கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவைப் பற்றி இலங்கையில் பள்ளிக்கூடம் சென்ற எவரும் கேள்விப்பட்டிருப்பர். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்கள், இராஜகாரிய முறையின் ஒழிப்பு, ஐந்து மாகாணங்கள், சட்டநிரூபண சபை என்று பரீட்சைக்காக மனனம் செய்த பட்டியல் பலருக்கு இன்றும் நினைவிலிருக்கும். கண்டியும் கரையோரமும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தது அப்போதுதான். அதன் நன்மை தீமைகளைப் பற்றி நம்மவர் எழுதிய கட்டுரைகளுக்கு அளவில்லை. (அவற்றுள் சில அடியேனுடையவை.) ஆனால், நீதித்துறை பற்றிய அறிக்கையை எழுதிய சார்ள்ஸ் ஹே கமரனின் மனைவி ஒளிப்படக் கலை வரலாற்றில் கணவரை விடப் பன்மடங்கு புகழ் பெற்றவர் என்பதையோ, இருவருமே நமது மலைநாட்டில் அடக்கமானவர்கள் என்பதையோ எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை. கமரன் வீட்டில் ஒரு கமரா இருந்தது என்பது பிற்காலத்தில்தான் தெரிய வந்தது.

ஜூலியா மார்கரெட் கமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1836இல் நன்னம்பிக்கை முனையில் தங்கியிருந்தபோது இரண்டு மனிதர்களைச் சந்தித்தார். ஒருவர், தம்மை விட இருபது வயது மூத்தவரான சார்ள்ஸ் கமரன். 1838இல் அவரை மணந்தார். மற்றவர் வானியலறிஞர் சேர் ஜோன் ஹேர்ஷல். ஒளிப்படம் கரைந்து மறையாமல் நிலைத்து நிற்கச் செய்யும் ‘ஹைப்போ’ என்னும் இரசாயனத்தின் பயனைக் கண்டறிந்தவர் இவர். (இருட்டறையில் வேலை செய்த பழைய பத்திரிகைக்காரர்களின் விரல்களிலிருந்து அந்த வாடை இலகுவில் போகாது.) கல்கத்தாவிலிருந்த ஜூலியாவுக்கு ஆரம்பகால ஒளிப்படங்களை அனுப்பி வைத்தவரும் ஹேர்ஷலே.

ஆயினும் ஜூலியா கமராவைத் தொட்டது 1863இன் கடைசியில், நாற்பத்தெட்டாவது வயதில்தான். இங்கிலாந்தின் வைட் தீவில், இலங்கையிலிருந்த தோட்டக் காணியின் நினைவாக ‘டிம்போலா’ எனப் பெயரிடப்பட்ட வீட்டில் அப்போது வசித்து வந்தார். தாயின் தனிமையைப் போக்குவதற்காக மகளும் மருமகனும் வாங்கிக் கொடுத்த பரிசு அது. கோழிக்கூட்டைப் படப்பிடிப்பு அறையாகவும், நிலக்கரி வைக்கும் கொட்டிலை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டு அம்மையார் வேலையில் இறங்கினார்.

அந்த வேலை இன்று கைத்தொலைபேசியில் விரலால் தட்டுவது போன்றதன்று. கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியன் என்னும் பசையை ஊற்றிச் சீராகப் பரவவிட வேண்டும். பிறகு அதை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் காய்வதற்குள் கமராவில் பொருத்திப் படமெடுத்து, உடனேயே இருட்டறைக்கு எடுத்துச் சென்று கழுவ வேண்டும். காய்ந்தால் தகடு வீண். எதிரே இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தால் உருவம் கலங்கும். அக்காலத்து ஒளிப்படச் சங்கத்தவர் அந்தக் கலங்கலைக் குற்றம் என்றார்கள். இவரோ அதையே தமது கலையாக்கிக்கொண்டார். இருளிலிருந்து வெண்முடி எழுவது போன்ற ஹேர்ஷலின் படம், கார்லைலின் படம் (இரண்டும் 1867), டார்வினின் படம், அயல்வீட்டாரான கவிஞர் டெனிசனின் படங்கள் எல்லாம் இவருடைய கைவண்ணம்தான். பதினைந்து ஆண்டுகளில் எடுத்த 1,200க்கு மேற்பட்ட படங்கள் இன்று அறியப்பட்டுள்ளன. ஐந்நூறுக்கும் அதிகமானவற்றுக்குப் பதிப்புரிமையும் பதிவு செய்துகொண்ட கெட்டிக்காரி.

இவருடைய உறவு முறையில் நமக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. எழுத்தாளர் வேர்ஜினியா வூல்ஃபின் தாயார், ஜூலியாவின் சகோதரியின் மகள். வேர்ஜினியாவை 1912இல் மணந்த லெனாட் வூல்ஃப், 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரியில் உத்தியோகத்தை ஆரம்பித்தவர். ஜூலியாவின் படங்களைத் தொகுத்து 1926இல் நூலாக வெளியிட்டதும் இத்தம்பதியரின் பதிப்பகமே.

1875இல் கமரன் தம்பதியர் இலங்கைக்கே குடிபெயர்ந்தனர். கணவருக்கு இந்த நாட்டின் மீதிருந்த தீராத ஆசை ஒரு காரணம். பணமுடை மற்றொன்று. அவர்களுடைய செல்வம் கோப்பித் தோட்டங்களில் முடங்கிக் கிடந்தது. 1869இல் தோன்றிய இலைநோயோ கோப்பியை அழித்துக்கொண்டிருந்தது. கப்பலேறும்போது சவப்பெட்டிகளையும் கூடவே கொண்டு வந்தார்கள் என்பார்கள்.

இலங்கையில் இவர் எடுத்தவற்றுள் எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. இந்த வெப்பத்தில் ஈரத் தகட்டோடு மல்லாடுவது எளிதன்று. 1877இல் களுத்துறைக்கு வந்த தாவர ஓவியர் மரியான் நோர்த், நண்பகல் வெயிலில் தம்மைக் கம்பளிச் சால்வை போர்த்தி, தென்னோலை தலையில் குத்த நிற்க வைத்ததை நகைச்சுவையோடு எழுதி வைத்திருக்கிறார். உள்ளூர்வாசி ஒருவருடைய முதுகின் அழகில் மயங்கிய ஜூலியா, அவரைத் தோட்டக்காரராக அமர்த்தும்படி மகனை வற்புறுத்தினாராம். வீட்டில் தோட்டமே இருக்கவில்லை என்பதையும் நோர்த் சேர்த்துச் சொல்கிறார்.

நோர்த்தின் பெயர் நமக்குத் தெரியும். அந்த முதுகுக்குரியவரின் பெயர் தெரியாது.

1878இல் எடுத்த குழுப்படம் ஒன்றுக்குக் களுத்துறைக் குடியானவர்கள் என்று தலைப்பிட்டிருக்கிறார். சிறுமிக்கு வயது பன்னிரண்டு என்றும், முதியவர் தம்மை அவளுடைய தந்தை என்றும் தமக்கு நூறு வயது என்றும் கூறுகிறார் என்றும் குறிப்பெழுதியிருக்கிறார். உறவைக் கேட்டிருக்கிறார், வயதைக் கேட்டிருக்கிறார், கிழவரின் சொல்லை முழுமையாக நம்பாத தொனியோடு பதிவும் செய்திருக்கிறார். பெயர் மட்டும் இல்லை. வைட் தீவில் தேவமாதாவாக வேடமிட்டு நின்ற பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயர் வரலாற்றில் நிலைத்துவிட்டது. இலங்கைப் படங்களில் இருப்போருள் சிலர் தோட்டத் தொழிலாளரான தமிழர் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே கால்நடையாக மலைநாடு ஏறிய பரம்பரையினர். கூலிக் கணக்குக்காகத் தோட்டத்துச் செக்றோலில் அவர்களுடைய பெயர்கள் இருந்திருக்கும். படங்களின் கீழே இல்லை.

ஜூலியா ஒருவரை மட்டும் பிழை சொல்வது நியாயமன்று. ஸ்கீன் கம்பனி போன்ற கொழும்புப் படப்பிடிப்பாளர்கள் ‘தமிழ்ப் பெண்’, ‘சிங்களவர்’ என்று வகைபிரித்து விற்ற காலம் அது. அவற்றோடு ஒப்பிடும்போது ஜூலியாவின் படங்களில் உள்ள முகங்களில் மனிதர் தெரிகின்றனர். டெனிசனுக்குக் கிடைத்த அதே நிழலும் ஒளியும் களுத்துறைக் கிழவருக்கும் கிடைத்தன. அதனால்தான் பெயரின்மை இன்னும் அதிகமாக உறுத்துகிறது.

1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றில் ஜூலியா காலமானார். மறு ஆண்டு கணவரும் போய்ச் சேர்ந்தார். பொகவந்தலாவைப் புனித மரியாள் தேவாலய வளவில் இருவரும் அருகருகே துயில்கின்றனர்.

இதை எழுதும்போது என் தொழிற்காலச் சம்பவம் ஒன்று நினைவில் வந்து நிற்கிறது. எழுபதுகளில் ஒரு பத்திரிகையின் ஆசிரிய பீடத்தில் படங்களுக்குக் குறிப்பெழுதுவது என் பொறுப்பு. அமைச்சர் வந்த படமென்றால் ‘இடமிருந்து வலமாக’ என்று முதலெழுத்துப் பிசகாமல் எழுதுவேன். ஒருமுறை, கூடையோடு நின்ற மூதாட்டி ஒருவரின் படத்துக்குக் ‘கொழுந்து பறிக்கும் கைகள்’ என்று எழுதினேன். நன்றாயிருக்கிறது என்று ஆசிரியரும் பாராட்டினார். சில மாதங்களின் பின் ஹற்றன் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் அலுவலகத்துக்கு வந்தார். அது தன் ஆச்சியின் படம் என்றார். ஆச்சி இறந்துவிட்டார், வேறு படம் கிடையாது, ஒரு பிரதி வேண்டும்.

நெகட்டிவ் உறைகள் பெயர்வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. ஆச்சியின் பெயரை அவர் சொன்னார். அந்தப் பெயரில் உறை இல்லை. ‘தேயிலை’ என்ற தலைப்பில் தேடினோம், ‘தோட்டம்’ என்ற தலைப்பில் தேடினோம், மாலைவரை கிடைக்கவில்லை. கடைசியில் பழைய பத்திரிகைக் கட்டிலிருந்து அந்தப் பக்கத்தை வெட்டிக் கொடுத்தேன். கீழேயிருந்த என் வரியைச் சட்டைப்பைப் பேனாவால் அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஆச்சியின் பெயரை எழுதிக்கொண்டு அவர் போனார்.