திறக்கப்பட்ட கருவி: பேஸ் கித்தாரும் மாற்றுப் பிக்கப்பும்

இசைக்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை வடிவமைத்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மின் பேஸ் கித்தாரைப் பொறுத்தவரை இவ்வணுகுமுறை பாதிக் கதையையே தருகிறது. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கருவியைத் திறந்து, அதன் பிக்கப்பைக் கழற்றி வேறொன்றைப் பொருத்திய இசைக்கலைஞர்களுக்கும் பழுதுபார்ப்போருக்கும் அதன் ஒலி வரலாற்றில் உரிய பங்கு உண்டு.

பிக்கப்பின் அமைப்பு எளியது. காந்தத் துண்டுகளைச் சுற்றித் தலைமயிர் அளவே தடிமனுள்ள செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். மேலேயுள்ள எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலின்படி சுருளில் சிறு மின்னழுத்தம் தோன்றுகிறது. சுற்றுகள் கூடினால் ஒலி வலுப்பெறும். அதே வேளையில் உயர் அதிர்வெண்கள் மழுங்கும். எனவே சுருளை மாற்றுவது கருவியின் குரலையே மாற்றுவதாகும்.

கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை அறிமுகப்படுத்தினார். அதன் கழுத்தும் பிக்கப்பும் திருகாணிகளால் பொருத்தப்பட்டவை. விரைவான உற்பத்திக்கும் எளிய பழுதுபார்ப்புக்கும் உதவிய இவ்வமைப்பு, பின்னாளில் பயன்படுத்துவோர் தம் விருப்பப்படி உறுப்புகளை மாற்றவும் வழிவிட்டது. 1957இல் பிரிசிஷன் பேஸின் பிக்கப் இரு கூறுகளாகப் பிரிக்கப்பட்டது. சுருள்களின் திசையும் காந்த முனைகளும் எதிரெதிராக அமைந்ததால் மின் இரைச்சல் நீங்கியது. 1960இல் இரண்டு பிக்கப்புகளுடன் ஜாஸ் பேஸ் வந்தது. இவ்விரு கருவிகளையும் பலர் பின்பற்றியதால், எந்தத் தர நிர்ணய அமைப்பும் ஆணையிடாமலேயே அவற்றின் பிக்கப் அளவுகள் ஒரு தொழிலின் பொது அளவுகளாயின. பிரிசிஷன் பேஸின் உடல் வடிவம் பொதுவானதாகிவிட்டது என்று கூறி, அமெரிக்க வணிகக்குறி வாரியம் 2009இல் அவ்வடிவத்துக்குத் தனியுரிமை மறுத்ததும் இப்பின்னணியில் நோக்கத்தக்கது.

பிக்கப்பை மாற்றும் பணி முதலில் தனிமனிதக் கைவினையாகவே இருந்தது. சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 1969இல் தோன்றிய அலெம்பிக் நிறுவனத்தார், கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஃபில் லெஷ் வாசித்த கில்ட் ஸ்டார்ஃபயர் பேஸைத் திறந்து புதிய பிக்கப்புகளையும் மின்சுற்றுகளையும் பொருத்தினர். 1970களில் இக்கைவினை தொழிலாக வளர்ந்தது. நியூயார்க்கில் லாரி டிமார்சியோவும், சான்டா பார்பராவில் சீமோர் டங்கனும் கேத்தி கார்ட்டர் டங்கனும் மாற்றுப் பிக்கப்புகளைத் தயாரித்து விற்கத் தொடங்கினர்.

இவ்வளர்ச்சிக்கு வழக்கமாகக் கூறப்படும் காரணம் ஒன்று உண்டு. 1965இல் ஃபெண்டர் நிறுவனத்தை சிபிஎஸ் வாங்கிய பின் தரம் தாழ்ந்தது என்பதே அது. இக்கூற்றில் உண்மை இருப்பினும் அது முழு விளக்கமாகாது. பில்லி ஷீஹன் தம் பிரிசிஷன் பேஸின் பிக்கப்பை அகற்றவில்லை. கழுத்தருகே கிப்சன் ஈபி-0 வகைப் பிக்கப் ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தி, இரண்டிற்கும் தனித்தனி வெளியீடு அமைத்துக்கொண்டார். அவர் நாடியது பழுதின் தீர்வன்று. அதுவரை ஒரே கருவியில் கிட்டாத ஆழ்ந்த ஒலி. ஆக, கலைஞரின் தேவையும் இம்மாற்றங்களை உந்தியது.

பொருத்தும் பணிக்கும் நுண்ணறிவு வேண்டும். ஜாஸ் பேஸின் இரு பிக்கப்புகளுள் ஒன்றை மட்டும் மாற்றுவோர், புதியதன் சுற்றுத் திசையையும் காந்த முனையையும் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மின்கட்டங்கள் முரண்பட்டால், இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது தாழ்சுரங்கள் ஒன்றையொன்று அழித்து ஒலி மெலிந்துவிடும். பட்டறைகளில் கைவழியாகப் பரவிய இவ்வறிவு ஆவணங்களில் அரிதாகவே இடம்பெறுகிறது.

இன்றைய பழங்கருவிச் சந்தை இவ்வரலாற்றுக்கு ஊறு செய்கிறது. தொழிற்சாலையின் பற்றவைப்பு கலையாத கருவிக்கே உயர்ந்த விலை. அதனால், 1970களில் பொருத்தப்பட்ட பிக்கப்பை நீக்கி, 1960களின் உறுப்பைத் தேடிப் பொருத்துவது ‘மீட்டெடுப்பு’ எனப் பெயர் பெறுகிறது. ஏட்டுச் சுவடியின் ஓரத்தில் பிற்கால வாசகர் எழுதிய குறிப்புகளைச் சுரண்டி எடுப்பவரைப் பதிப்பாசிரியர் என்று எவரும் ஏற்பதில்லை. கித்தாரில் அதே செயல் பாராட்டப்படுகிறது. அக்கருவி எவ்வகை இசைக்குப் பயன்பட்டது, வாசித்தவர் எதைப் போதாதெனக் கருதினார் என்பதற்கான சான்று அத்துடன் மறைகிறது.

எனவே பொருள்சார் பண்பாட்டை ஆராயும் மாணவர், ஒரு கருவி எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதோடு நின்றுவிடலாகாது. அது எப்போது, எதற்காகத் திறக்கப்பட்டது என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். கழற்றப்பட்ட பிக்கப்பும் பொருத்தப்பட்ட பிக்கப்பும் அக்கருவியின் வரலாற்றில் சம மதிப்புடைய சான்றுகளே.