அருப்புக்கோட்டை, திருச்சுழி வறள்நிலத்தில் உருப்படிக் கூலியும் கிக் வேலையும்

மாதச் சம்பளமின்றி, ஒவ்வொரு சவாரிக்கும் ஒவ்வொரு உணவுப் பொட்டலத்துக்கும் செயலி கணக்கிட்டுத் தரும் வருமானத்தை நம்பிய கிக் வேலை இளைஞரை ஈர்ப்பது ஏன் என்னும் வினாவுக்கு, 2022 ஜூனில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே பெரும்பாலும் விடையாகக் காட்டப்படுகிறது. 2020-21இல் 77 லட்சமாக இருந்த இத்தொழிலாளர் எண்ணிக்கை 2029-30இல் 2.35 கோடியாகும் என மதிப்பிடும் அவ்வறிக்கை, எளிதில் நுழையலாம், நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்பவற்றை இவ்வேலையின் சிறப்புகளாக எடுத்துரைக்கிறது. முதலாவதை மறுக்க இடமில்லை. இரண்டாவது, நிலையான மாத வேலையை ஒருபுறம் வைத்து ஒப்பிடும் பெருநகர இளைஞனுக்குப் பொருந்தலாம். அத்தகைய வேலையை அரிதாகவே கண்ட வறள்நிலத்து இளைஞனுக்கு அதை அப்படியே பொருத்துவது அறிக்கையின் அடிப்படைப் பிழை. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அடங்கிய விருதுநகரை 2018இல் முன்னேற விழையும் மாவட்டமாகத் தேர்ந்தெடுத்ததும் இதே நிதி ஆயோக்தான் என்பதால் இப்பிழை கூடுதலாக உறுத்துகிறது.

அருப்புக்கோட்டைக் கூலி நெசவில் தறி நெசவாளியின் வீட்டில் இருந்தது. பாவும் ஊடையும் முதலாளியுடையவை. கூலியோ நெய்து கொடுத்த உருப்படிக்குத்தான். 1935இல் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு அமைப்பான கோ-ஆப்டெக்ஸ் தோன்றிக் கூட்டுறவு முறை பரவிய பின்னரும் இக்கணக்கு மாறவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் மிளகாயும் விதைத்த திருச்சுழி வட்டாரத்துக்கு மேற்கே, சிவகாசியில் 1923இல் வேரூன்றிய தீப்பெட்டித் தொழிலிலும் அடைத்த பெட்டிக்கே கூலி. எனவே நேரம் தன்னுடையது, விலை பிறருடையது என்னும் ஏற்பாடு இம்மண்ணுக்குத் தலைமுறைகளாகப் பழகியது. பழகிய ஒன்றைப் புதிய கவர்ச்சியாகக் கொள்வதற்கில்லை.

புதியது முன்பணம் இல்லாமை. நெசவில் முன்பணம் வாங்கியவர் அதை அடைக்கும்வரை வேறொருவருக்கு நெய்ய இயலாது. செயலி முன்பணம் தருவதில்லை, சிபாரிசும் கேட்பதில்லை. பைக்கையும் செல்போனையும் தொழிலாளியே தவணையில் வாங்கிக்கொள்ள வேண்டும். கடன் ஒழியவில்லை, முதலாளியிடமிருந்து நிதி நிறுவனத்துக்கு இடம் மாறியிருக்கிறது. ஆயினும் இந்த இடமாற்றமே ஈர்ப்பின் மையம் எனக் கொள்ளத் தோன்றுகிறது. நேரடிச் சான்று மெலிந்த இடம் இது. ஆனால் நிதி நிறுவனக் கடன் பணத்தால் தீர்வது, முதலாளியின் கடனோ குடும்பத்தையும் தெருவையும் உறவையும் சேர்த்துப் பிணைப்பது என்பதைத் தவிர்த்துவிட்டு, அருப்புக்கோட்டையின் தேவாங்கர் கலைக் கல்லூரியிலும் சைவ பானு சத்திரிய கல்லூரியிலும் பட்டம் பெற்றவர் தறிக்குத் திரும்பாமல், முகமறியாச் செயலிக்காக மதுரைக்கோ சென்னைக்கோ செல்வதை வருமானக் கணக்கால் மட்டும் விளக்கிவிட முடியாது.

கூலி நெசவு, செயலி வேலை ஆகிய இவ்விரண்டின் உறவைச் சட்டமும் மறைத்திருக்கிறது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் பிரிவு 2இன் 35ஆம் உட்பிரிவு, மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே வேலைசெய்து ஈட்டுபவரைக் கிக் தொழிலாளி என்கிறது. அடுத்துள்ள 36ஆம் உட்பிரிவோ, கருவியை யார் கொடுத்தாலும், முதலாளிக்காகத் தன் வீட்டிலிருந்து உற்பத்தி செய்பவரை வீடுசார் தொழிலாளி என்கிறது. ஒன்றில் முதலாளி வெளியேற்றப்படுகிறார், மற்றொன்றில் பெயர் சொல்லி நிறுத்தப்படுகிறார். சொந்தத் தறியில் நெய்பவருக்கு முதலாளி உண்டு எனில், சொந்த பைக்கில் செல்பவருக்கு இல்லாமற்போனது எவ்வாறு என்பதற்கு அச்சட்டத்தில் விளக்கமில்லை. 1966ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளியாகவே கொண்டது என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

உருப்படிக் கூலியிலிருந்து செயலிக் கூலிக்கு இப்பகுதி நகர்ந்ததை ஓர் ஆண்டில் அடக்குவது பொருந்தாது. விசைத்தறியின் வரவு, பட்டப்படிப்பின் பரவல், மலிவான செல்போன் ஆகியவை வெவ்வேறு காலத்தவை. சட்டம் இயற்றப்பட்ட 2020ஐயோ அது நடைமுறைக்கு வந்த 2025 நவம்பர் 21ஐயோ தொடக்கமாகக் கொள்வதும் தவறு. தமிழக அரசு 2023 ஆகஸ்ட் 15இல் அறிவித்த கிக் தொழிலாளர் நல வாரியம், கைத்தறி, விசைத்தறி நெசவாளர் வாரியங்களுக்கு அடிப்படையான 1982ஆம் ஆண்டின் உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழேயே அமைந்தது. மத்தியச் சட்டம் பிரித்த இருவரையும் மாநிலச் சட்டம் ஒரே வரிசையில் வைத்ததே வரலாற்றுக்கு நெருக்கமானது.