பெயர் மறுக்கப்பட்ட போர்

ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ 1942இல் வெளிவந்தது. அல்ஜீரியக் கடற்கரையில் சுட்டுக் கொல்லப்படும் அரேபியனுக்கு நாவல் முடியும்வரை பெயர் கிடையாது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே மண்ணில் மூண்ட போருக்கும் பிரான்ஸ் பெயர் தரவில்லை. ‘நிகழ்வுகள்’ என்றது, ‘ஒழுங்கை நிலைநாட்டும் நடவடிக்கை’ என்றது. போர் என்று சட்டப்படி ஒப்புக்கொண்டது 1999இல்தான்.

இந்தத் தயக்கத்திலேயே போரின் காரணமும் இருக்கிறது. 1830இல் படையெடுத்துப் பிடித்த நாட்டை 1848இல் பிரான்ஸ் தன் நிலத்தின் பகுதியாக, மூன்று மாவட்டங்களாக அறிவித்துக்கொண்டது. நிலம் பிரான்சுடையது, மக்கள் அல்லர். நல்ல விளைநிலங்கள் ஐரோப்பியக் குடியேறிகளிடம் சென்றன. 1947இல் ஏற்படுத்திய அல்ஜீரிய மன்றத்தில்கூட, பத்து லட்சம் ஐரோப்பியரைப் பெரும்பாலும் கொண்ட வாக்காளர் பிரிவுக்கு 60 இடங்கள். எண்பது லட்சம் முஸ்லிம்களின் பிரிவுக்கும் அதே 60. மறு ஆண்டுத் தேர்தலில் நிர்வாகமே மோசடி செய்தது. வாக்குச்சீட்டின் மீதிருந்த நம்பிக்கை அத்துடன் போயிற்று.

துப்பாக்கி அதற்கு முன்பே பேசியிருந்தது. 1945 மே 8, ஜெர்மனி சரணடைந்த நாள். செதிஃப் நகர ஊர்வலத்தில் அல்ஜீரியக் கொடி உயர, காவலர்கள் சுட்டனர். கலவரத்தில் நூறு ஐரோப்பியர் வரை கொல்லப்பட்டனர். பதிலுக்கு இராணுவமும் குடியேறிகளும் ஆயிரக்கணக்கான முஸ்லிம்களைக் கொன்றார்கள். அன்று சிறைசென்ற மாணவர்களில் ஒருவர், பின்னாளில் ‘நெஜ்மா’ நாவலை எழுதிய கதேப் யாசின்.

1954 நவம்பர் 1இல் தேசிய விடுதலை முன்னணி போரைத் தொடங்கியது. அது உணவகங்களில் குண்டு வைத்தது. இராணுவம் சித்திரவதையை அன்றாட முறையாக்கியது. குடிமக்களையாவது இரு தரப்பும் விட்டுவிடட்டும் என்று காம்யு 1956 ஜனவரியில் அல்ஜியர்ஸ் சென்று மன்றாடினார். யாரும் கேட்கவில்லை.

1958இல் பிரான்சின் நான்காம் குடியரசு இப்போரில் கவிழ்ந்தது. 1962 ஜூலை 5இல் அல்ஜீரியா விடுதலை பெற்றது. பல லட்சம் ஐரோப்பியர் பிறந்த ஊரைவிட்டுக் கப்பலேறினர். பிரான்சுக்காகப் போரிட்ட ‘ஹார்க்கி’ முஸ்லிம்களில் பெரும்பாலோரை பிரான்சே கைவிட, ஆயிரக்கணக்கானோர் பழிவாங்கப்பட்டனர். போரில் வலுப்பெற்ற இராணுவம் 1965இல் ஆட்சியைப் பிடித்தது. 1992இல் தேர்தலை நிறுத்தி நாட்டை உள்நாட்டுப் போருக்குள் தள்ளியது.

1957இல் அல்ஜியர்ஸில் இராணுவம் பிடித்துச்சென்ற இளம் கணிதவியலாளர் மொரீஸ் ஓதேன் திரும்பவில்லை. தப்பியோடிவிட்டார் என்றது இராணுவம். சித்திரவதைக்குப் பின் கொல்லப்பட்டார் அல்லது சித்திரவதையிலேயே இறந்தார் என்று பிரெஞ்சு அதிபர் 2018இல் அவர் மனைவியிடம் நேரில் ஒப்புக்கொண்டார். அறுபத்தோரு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பதில். அதே ஆண்டு காணாமற்போன அல்ஜீரியர்களில் பெரும்பாலோரின் குடும்பங்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.